அரசி கணக்குப் பரீட்சை எழுதுகிறாள்

திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். பார்ப்பாள் என்று கையைப் பாதி தூக்கி வைத்திருந்தேன். தூக்கின கையை என்ன செய்வதென்று தெரியாமல் பிடரியைத் தேய்த்துக்கொண்டேன். கேட்டைச் சாத்தியாயிற்று. மணியும் அடித்துவிட்டது. இப்போது கேள்வித்தாள் கொடுத்திருப்பார்கள். கொடுத்ததும் எழுதிவிட முடியாதாம், முதலில் கொஞ்ச நேரம் வாசித்துப் பார்க்க மட்டும்தானாம், அரசிதான் சொன்னாள். வாசித்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு மனசுக்குள்ளேயே வாசிக்க வராது. உதடு அசையும், லேசாகச் சத்தமும் வரும். வீட்டில் எனக்கு அது பழகிப்போய்விட்டது, அந்த முணுமுணுப்பு காதில் விழுந்தால்தான் தூக்கமே வருகிறது, ஆனால் உள்ளே நிற்கிற சூப்பர்வைசருக்கு அது தெரியுமா, பக்கத்திலிருப்பவரிடம் பேசுகிறாள் என்று நினைத்துப் பேப்பரைப் பிடுங்கிவிட்டால்? பிடுங்க மாட்டார்கள். தமிழும் இங்கிலீஷும் இதே உதட்டை வைத்துக்கொண்டுதானே எழுதிவிட்டு வந்தாள். ஆனால் இன்றைக்குக் கணக்கு. தமிழ் நம் வாயில் இருப்பது, இங்கிலீஷை அவள் உருப்போட்டுவிட்டாள், கணக்கை எங்கே வைத்துக்கொள்வது? அது கையில் இருக்கிற மாதிரியே இருக்கும், பேப்பரைப் பார்த்ததும் பறந்துவிடும். எனக்குப் பறந்துவிட்டது. எட்டாம் வகுப்போடு சரி, அதற்கப்புறம் ஸ்டியரிங்தான். எதிர்ச்சுவர் ஓரமாக என் குட்டியானை லோடு வண்டி நிற்கிறது, பின்னால் தட்டு காலி. மஞ்சள் மண்டியிலிருந்து போன் வந்துகொண்டே இருக்கிறது, லோடு ஏத்த வா என்று. இன்றைக்கு வண்டி ஓடாது என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார்கள். வீட்டில் பரீட்சை என்றேன். யாருக்கு என்று கேட்பதற்குள் வைத்துவிட்டேன்.

வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். இந்த மையத்தில் எழுதுகிறவர்கள் எல்லாரும் தனித்தேர்வர்கள், பெரும்பாலும் போன தடவை தவறிப்போன பிள்ளைகள், அதனால் வெளியே நிற்கிற அப்பன்மார் முகமெல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது, பாதி கோபம், பாதி பயம். "உங்களுக்குப் பையனுங்களா, பொண்ணுங்களா?" என்றார். "சம்சாரமுங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், கட்டடத்தைப் பார்த்தார். "டீச்சருங்களா? டூட்டி போட்டிருக்காங்களா?" "இல்லீங்க. எழுதறாங்க." "பத்தாவதா?" "பத்தாவதுதானுங்க." சிரிப்பை அடக்கிக்கொண்டார், நல்ல மனுஷன்தான், அடக்கிக்கொண்டாரே. "இனி எதுக்குங்க?" என்றார். பால்வாடியில் ஆயாவாக இருக்கிறாள், பத்தாவது பாஸானால் டீச்சராகலாம் என்று சொன்னேன். அதைக் கேட்டதும் அவருக்கு விஷயம் பிடிபட்ட மாதிரி தலையை ஆட்டினார். நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் அது முழுசும் இல்லை, முழுசை எங்கிருந்து ஆரம்பிப்பது? பால்வாடியில் டீச்சர் இல்லாமல் போய் ரொம்பக் காலம் ஆயிற்று. சமைக்கிறது, முட்டை உரிக்கிறது, கழுவி விடுகிறது எல்லாம் முடித்துவிட்டு அரசியே பிள்ளைகளை உட்கார வைத்து அணில், ஆடு சொல்லிக் கொடுத்தாள். மேலதிகாரி அம்மா வருவார்கள், பார்ப்பார்கள், "நல்லா நடத்தறீங்க அரசி, பத்தாவது மட்டும் இருந்திருந்தா" என்பார்கள். அந்த அம்மாவுக்கும் அவள்மேல் பிரியம்தான். ஒருநாள் சோற்றுக்கு அரிசி களைந்துகொண்டே அரசி சொன்னாள், "ஏனுங்க, அந்த 'மட்டும்' இருக்குது பாருங்க, அது சின்ன வார்த்தைங்க, ஆனா என்னை உள்ளயே விட மாட்டேங்குது." சொல்லிவிட்டு அரிசித் தண்ணீரை ஊற்றினாள். அந்த வாரத்தில்தான் அமலோற்பவம் டீச்சர் பால்வாடி வாசலில் வந்து நின்றது.

அமலோற்பவம் டீச்சர் ரிட்டயராகிவிட்டவர், சன்னமான உடம்பு, பெரிய குரல். படிப்பை விட்டவர்களுக்கு அரசாங்கம் மாலை வகுப்பு நடத்துகிறது, பாடம் நடத்த எங்களுக்குச் சம்பளம் தருகிறார்கள், உங்களுக்குப் புஸ்தகம் தருகிறார்கள், பரீட்சைக் கட்டணமும் அவர்களே கட்டிவிடுகிறார்கள், பஸ் பாஸ்கூட உண்டு, நீங்கள் வந்து உட்கார்ந்தால் போதும் என்றாராம். வந்து உட்கார்வதுதானே கஷ்டம். முதல் நாள் நான்தான் வண்டியில் கொண்டுபோய் விட்டேன். மாநகராட்சிப் பள்ளிக்கூடம், ஐந்தாம் வகுப்பு அறை, சின்னப் பிள்ளைகளின் பெஞ்சு. தறிப்பட்டறை ஆட்களும், வீட்டு வேலைக்குப் போகிற பெண்களும், டீக்கடை பஷீர் பாயும் முழங்காலை எங்கே மடக்குவதென்று தெரியாமல் சாய்ந்து சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். பாவாயி அம்மா தன் மருமகள் கோகிலவாணியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தது. மாமியார் மருமகள் இரண்டு பேரும் ஒரே பெஞ்சு. "ஊட்ல இவகிட்ட நான் சொல்றனுங்க, இங்க இவ எனக்குச் சொல்லித் தரட்டும்" என்று பாவாயி அம்மா சொன்னதும் அறையே சிரித்தது. நான் ஜன்னல் ஓரம் நின்று பார்த்தேன். சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் டியூப்லைட் எரிந்தால் அந்தக் கட்டடமே வேறாகத் தெரிகிறது. அதற்கப்புறம் வீட்டில் சத்தம் மாறிப்போயிற்று. மிக்ஸி ஓடுகிற சத்தத்துக்கு மேலே அரசியின் குரல் வரும், உருளையின் வளைபரப்பு இரண்டு பை ஆர் ஹெச், கூம்பின் கனஅளவு மூன்றில் ஒன்று பை ஆர் ஸ்கொயர் ஹெச். வண்டியில் வரும்போது செல்போன் டவரைக் காட்டி, "நாம இங்க நிக்கறோம்ங்க, அது உச்சி, கண்ணுல இருந்து அதுக்கு ஒரு கோடு போட்டா ஏற்றக்கோணம்" என்பாள். நான் எத்தனை வருஷமாக அந்த டவருக்குக் கீழே போய்வருகிறேன். எனக்கும் அதற்கும் நடுவே ஒரு கோடு இருந்தது தெரியாது. இரண்டு பை ஆர் ஹெச். இப்போது எனக்கே வந்துவிட்டது. அவளுக்கு வருமா? உள்ளே, இந்த நிமிஷம்? மூன்றில் ஒன்று கூம்புக்குத்தான், உருளைக்கு இல்லை, அதை மட்டும் மாற்றிப் போட்டுவிடக் கூடாது, போன வாரம் ஒருதரம் மாற்றிப் போட்டாள், போட்டுவிட்டுத் தன் கன்னத்தில் தானே தட்டிக்கொண்டாள், தட்டின சத்தம்கூட இப்போது கேட்கிறது.

பொங்கல் கழிந்ததும் வகுப்பு நின்றுவிட்டது. இந்த வருஷத்துக்கு ஒதுக்கீடு வரவில்லை, மையத்தை மூடச் சொல்லி மேலிருந்து உத்தரவு என்றார் அமலோற்பவம் டீச்சர். சம்பளம் இல்லாமலே அவர் கொஞ்ச நாள் வந்தார், ஆனால் பரீட்சைக் கட்டணம் யார் கட்டுவது, சாயங்காலம் பள்ளிக்கூடத்தை யார் திறந்துவிடுவது. எனக்கு, அவ்வளவுதான் போலிருக்கிறது என்று இருந்தது. அரசாங்கம் கொடுத்தது, அரசாங்கம் நிறுத்தியது, மழை மாதிரி, நாம் என்ன செய்ய முடியும்? அரசி அப்படி நினைக்கவில்லை. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கிற நாள். எல்லாரையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். லோடு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது என்று நான் சொன்னேன், அதற்கு அவள், "ஏத்த வேண்டாமுங்க, நாங்க பஸ்ஸுல போறோம், நீங்க வந்து அங்க நில்லுங்க, அது போதும்" என்றாள். போய் நின்றேன். பெரிய ஹால், நீளமான மேஜை, வரிசை நகர்ந்து நகர்ந்து இவர்கள் முறை வந்தது. மேஜைக்கு அந்தப்பக்கம் இருந்த அதிகாரி மனுவைப் படித்துவிட்டு நல்லவிதமாகத்தான் கேட்டார்: "ஏம்மா, கையெழுத்துப் போடத் தெரியுதில்ல? இந்த வயசுல பத்தாவது இல்லாட்டி என்ன? சின்னப் பசங்களுக்குச் செய்யறதுக்கே நிதி பத்தலை." டீச்சர் பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அரசி பேசிவிட்டாள். அவள் கை மேஜை விளிம்பைப் பிடித்திருந்தது. "சார், சின்னப் புள்ளைகளுக்கு அரசாங்கம் புஸ்தகம் குடுக்குது, சோறு போடுது, டீச்சர் போடுது. நாங்க அந்த வயசுல பள்ளிக்கூடம் வந்திருந்தா எங்களுக்கும் குடுத்திருப்பீங்கல்லங்க? எங்களை வர விடலீங்க. நான் தம்பியைத் தூக்கிக்கிட்டு நின்னேன், இந்தம்மா தறிக்குப் போச்சு. அன்னிக்கு எங்களுக்குன்னு வெச்சிருந்ததை நாங்க வாங்கவே இல்லீங்க. அது அப்படியே உங்ககிட்டத்தான் இருக்கும். இப்பக் குடுங்க." அதிகாரி சிரித்துவிட்டார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. மனுவை மறுபடி எடுத்துப் படித்தார். நான் பின்வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். இத்தனை வருஷம் என்கூட ஒரே வீட்டில் இருந்த மனுஷி, இந்தப் பேச்சை எங்கே வைத்திருந்தாள், எந்த அடுக்குப் பானையில், எந்தச் சேலை மடிப்பில்? என் பக்கத்தில் பட்டா கேட்டு வந்த கிழவர் ஒருவர், "யாரு இந்தம்மா?" என்றார். "எங்க வூட்டுக்காரிங்க" என்றேன்.

பணம் வந்தது. பரீட்சை வரைக்கும் வகுப்பு நடக்கலாம் என்று உத்தரவு. ஆனால் அதோடு ஒரு வால்: எத்தனை பேர் பாஸாகிறார்கள் என்று பார்த்துத்தான் அடுத்த வருஷத்துக்கு ஒதுக்குவார்களாம். அதுதான் அவளைப் பிடித்துக்கொண்டது. அதற்கு முன்னால் கணக்கு வரவில்லையென்றால் கணக்கு வரவில்லை, அவ்வளவுதான். இப்போது கணக்கு வரவில்லையென்றால், புதிதாகச் சேரக் காத்திருக்கிற சந்தைக்கடைப் பெண்களுக்குப் பள்ளிக்கூடத்தில் லைட் எரியாது. "நான் ஃபெயிலானா எனக்கு மட்டும் போகாதுங்க" என்று நேற்று சொன்னாள். ஏன் இவ்வளவையும் ஒருத்தி தலையில் வைக்கிறார்கள்? தூக்குகிறவள் என்று தெரிந்தால் ஏற்றிக்கொண்டே போவார்கள், என் வண்டியிலும் அப்படித்தான், தாங்குகிற வரைக்கும் மூட்டை. ஆனால் வண்டி குனிந்தால் தெரியும், டயர் அமுங்கினால் தெரியும். இவளுக்கு எங்கே பார்ப்பது? சாப்பிட்டாளா காலையில்? ஒரு இட்லி. இல்லை, அதையும் பிட்டுப் பிட்டுப் பாதி என் தட்டில் வைத்தாள். பிரஷர் மாத்திரை போட்டாளா? போட்டாள். போட்டதைப் பார்த்தேனா? டம்ளரைப் பார்த்தேன். டம்ளரில் தண்ணீர் இருந்ததா, குடித்துவிட்டு வைத்திருந்தாளா, அது தெரியவில்லை. வெயில் ஏறிவிட்டது. வெள்ளைச் சட்டைக்காரர் தன் குடையைக் கொஞ்சம் என் பக்கம் சாய்த்தார்.

ஆம்புலன்ஸ் சத்தம். எங்கேயோ போகிறது என்றுதான் நினைத்தேன். அது நேரே வந்து, கேட் முன்னால் நின்று, வாட்ச்மேன் ஓடிவந்து கேட்டைத் திறந்து, வண்டி உள்ளே போய், மறுபடி சாத்தி, எல்லாம் முடிந்தபிறகுதான் என் கால் நகர்ந்தது. "என்னுங்ணா, யாருக்கு?" என்று வாட்ச்மேனைக் கேட்டார் யாரோ. "யாரோ ஒரு பொம்பளைங்க. வயசானவங்க. எழுதிட்டிருக்கயில மயங்கி உழுந்துட்டாங்க." "என்ன சேலை?" என்று நான்தான் கேட்டேன் போலிருக்கிறது. "பச்சைன்னாங்க" என்றார். பச்சை. அரசி என்ன சேலை கட்டிக்கொண்டு வந்தாள்? என் பக்கத்தில், முன் சீட்டில், வீட்டிலிருந்து இங்கே வரைக்கும் உட்கார்ந்து வந்தாள், மடியில் ஜியாமெட்ரி பாக்ஸ் இருந்தது, அது நீலம், ஹால் டிக்கெட்டுக்கு பிளாஸ்டிக் உறை, கழுத்தில் வேர்வை, நெற்றியில் திருநீறு ஒரு பக்கம் அதிகமாக, எல்லாம் தெரிகிறது, சேலை தெரியவில்லை. பச்சையா? பச்சையில் அவளிடம் ஒன்று இருக்கிறது, மகள் கல்யாணத்துக்கு எடுத்தது, அதைப் பரீட்சைக்குக் கட்டுவாளா? நல்லநாள் என்று கட்டியிருப்பாள். கட்டியிருக்க மாட்டாள், அது உடம்பெல்லாம் சுடும். இறங்கும்போது பின்பக்கம் பார்த்தேன், முதுகு தெரிந்தது, முந்தானை தெரிந்தது, கையைப் பாதி தூக்கினேன், அது என்ன நிறம்? உருளையின் வளைபரப்பு தெரிகிறது, கூம்பு தெரிகிறது, பெண்டாட்டி சேலை நிறம் தெரியவில்லை, என்ன மனுஷன் நான். பச்சை இல்லை. பச்சை. போதும் சாமி, பத்தாவதும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், ஆயாவாகவே இருக்கட்டும், ஆனால் இருக்கட்டும். "உள்ள விடுங்ணா." "பரீட்சை நடக்குதுங்க, யாரையும் விடக்கூடாதுங்க." "என் சம்சாரமா இருக்கும்ணா." வாட்ச்மேன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கம்பி வழியாப் பாருங்க, இப்பக் கூட்டிட்டு வருவாங்க" என்றார். கம்பி சுட்டது. பிடித்துக்கொண்டே நின்றேன்.

படிக்கட்டில் இரண்டு டீச்சர்கள் தாங்கிப் பிடித்து ஒரு உருவத்தைக் கீழே கொண்டுவந்தார்கள். குட்டை. அரசி குட்டை இல்லை. நரைத்த கொண்டை. பாவாயி அம்மா. அரசி இல்லை என்று மனசு குதித்தது, குதித்த மறு நொடியே அது பாவாயி அம்மா என்று உறைத்தது, அந்த அம்மா என்ன பாவம் செய்தது, இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து நின்றன. போர்ட்டிகோவில் உட்கார வைத்தார்கள். ஆம்புலன்ஸில் வந்த நர்ஸ் பிரஷர் பார்த்தது, சர்க்கரை பார்த்தது, ஏதோ கரைத்துக் குடிக்கக் கொடுத்தது. சாப்பிடாமல் வந்திருக்கும், வேறென்ன. ஸ்ட்ரெச்சரை இறக்கினார்கள். அப்போதுதான் பாவாயி அம்மாவின் குரல் கேட் வரைக்கும் வந்தது. "வண்டியில ஏறுனா பேப்பரை வாங்கிருவீங்களா?" ஒரு சார் குனிந்து, "உடம்புதாம்மா முக்கியம், அடுத்த தடவை எழுதிக்கலாம்" என்றார். "அடுத்த தடவை இருக்குதோ இல்லையோ, உங்களுக்கென்னுங்க தெரியும்? எனக்குத் தலைதானுங்க சுத்துச்சு. கணக்கு அப்படியேதான் இருக்குது." மாடி ஜன்னலில் கோகிலவாணியின் முகம் தெரிந்தது, எழுந்துவிட்டிருக்கிறாள். பாவாயி அம்மா அண்ணாந்து பார்த்து, "உக்காந்து எழுது புள்ளை! இங்க என்ன வேடிக்கை?" என்று ஒரு அதட்டு. முகம் மறைந்தது. நர்ஸ் சாரிடம் ஏதோ சொன்னது, சார் உள்ளே போய் வேறு ஒருவரைக் கூட்டிவந்தார், பேசினார்கள், மறுபடி பிரஷர் பார்த்தார்கள். வளாகத்தை விட்டு வெளியே போகவில்லை என்பதால் எழுத விடலாம் என்று முடிவாயிற்று போல. அந்த அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக மேலே ஏறியது. பச்சைச் சேலைதான். நர்ஸ் பின்னாலேயே போயிற்று. வெள்ளைச் சட்டைக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என் பையன், பேனா சரியில்லைன்னு போன தடவை பாதியில எந்திரிச்சு வந்துட்டானுங்க" என்றார். பையன்மேல் கோபமாகச் சொன்ன மாதிரி இல்லை. நாங்கள் இரண்டு பேரும் மாடியையே பார்த்துக்கொண்டு நின்றோம். அங்கே எதுவும் தெரியவில்லை, ஜன்னல்தான், உள்ளே சுற்றுகிற ஃபேனின் இறக்கைதான். அதற்குக் கீழே அவர்கள் குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள், பஷீர் பாய், கோகிலவாணி, பாவாயி அம்மா, அரசி. மழை மாதிரி வந்து மழை மாதிரி நிற்கிறது என்று நான் நினைத்த அந்தக் காசு, இதோ, இந்த ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து வேர்த்துக்கொண்டிருக்கிறது.

மணி அடித்ததும் முதலில் பிள்ளைகள் கொட்டினார்கள். கத்திக்கொண்டு, கேள்வித்தாளைச் சுருட்டிக்கொண்டு. வெள்ளைச் சட்டைக்காரர் மகனைக் கண்டதும் ஒன்றும் கேட்காமல் அவன் தோளில் கையைப் போட்டுக் கூட்டிக்கொண்டு போனார், போகிறபோது என்னைப் பார்த்துத் தலையசைத்தார். இவர்கள் கடைசியில்தான் வந்தார்கள், சேர்ந்து, மெதுவாக, பாவாயி அம்மாவின் நடைக்கு எல்லாரும் நடந்து. ஒரு பக்கம் கோகிலவாணி, மறுபக்கம் அரசி. அமலோற்பவம் டீச்சர் எப்போது வந்து நின்றாரோ, கேட்டைத் தாண்டியதும் பாவாயி அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "படம் முழுசும் போட்டுட்டனுங்க டீச்சர், கிராஃப்தான் கோணையாப் போச்சு" என்றது அந்த அம்மா. நான் அரசியைப் பார்த்தேன். விரலில் மை, கண் சிவந்திருந்தது. எப்படி எழுதினாய் என்று கேட்கப் பயமாக இருந்தது, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. "என்னாச்சு?" என்றேன். அவள் பதிலை எனக்கு மனப்பாடமாகத் தெரியும். தெரியலீங்க என்பாள், பாக்கலாமுங்க என்பாள், எனக்கெங்கீங்க வரப்போவுது என்பாள். தன்னைப் பற்றி எதையும் அவள் முடித்துச் சொல்லிக் கேட்டதில்லை, ஒவ்வொன்றுக்கும் கடைசியில் ஒரு கதவைத் திறந்துவைப்பாள், யாராவது வந்து இல்லை என்று சொல்லிக்கொள்ளட்டும் என்று. மூக்கின் வேர்வையைப் புறங்கையால் துடைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தாள். "நான் பாஸுங்க" என்றாள். ரிசல்ட் வர இன்னும் எத்தனையோ நாள் இருக்கிறது, அறிவியல் இருக்கிறது, சமூகம் இருக்கிறது, யார் திருத்துவார்களோ, என்ன போடுவார்களோ. நான் அதில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை. "நிச்சயமாவா?" என்று மட்டும் கேட்டேன், மறுபடி அதைக் கேட்க வேண்டும் என்றிருந்தது. "நிச்சயமா" என்றாள். பிறகு டீச்சர் பக்கம் திரும்பி, தெருவே கேட்கிற குரலில், "எனக்குப் பசி உயிர் போவுதுங்க டீச்சர், பாய் கடையில இன்னிக்கு என்னோட செலவுல எல்லாருக்கும் டீயும் பன்னும்" என்று சொல்லிவிட்டு, பாவாயி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். நான் வண்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அவர்கள் பின்னால் நடந்து போனேன்.